வெடிப்புக்குள்ளே ஒரு ராசா!

பொங்கலுக்கு எங்கள் பசுவந்தனை வீட்டில் ஒன்பது குழந்தைகள். அடுப்படியில் எங்களுக்கு நிமிர நேரமில்லை. நாத்தனார் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில். அவளுடைய ஐந்து வயது மகன் மட்டும் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்தான்.

மொச்சை உரித்துக்கொண்டே, "கரிசல் வெடிப்புக்குள்ளே ஒரு ராசா இருக்காரு, தெரியுமாடா?" என்றேன்.

"பேரு என்ன அத்தை?"

"நீயே வையேன்."

"பருத்திக்காய் ராசா!"

மற்றப் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். காய் வெடித்தால் ராசாவுக்கு வெள்ளைத் தலைப்பாகை என்றாள் ஒருத்தி. ராசாவின் வண்டியில் ஓணானைப் பூட்டினான் இன்னொருவன். இடையிடையே நான் உருட்டிக் கொடுத்த சோறும் இறங்கியது. திடீரென்று அவன், "ராசாவோட அம்மா எப்போ வருவாங்க?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. "தம்பிப் பாப்பாவோ தங்கச்சிப் பாப்பாவோ, தூக்கிக்கிட்டுச் சீக்கிரம் வந்துருவாங்க" என்றேன். முகம் தெளிந்தது.

புகழ்பெற்ற கதைகளும் இப்படிப் பிறந்ததுண்டு. சுவீடனில் 1941-ல் நோயில் படுத்திருந்த மகள் சொன்ன பெயரை வைத்துத்தான் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 'பிப்பி' கதையைத் தொடங்கினார். 1945-ல் அது புத்தகமாயிற்று.

சகோதரிகளே, கதை முழுவதையும் நாமே சொல்லிவிடக் கூடாது. பாதியைப் பிள்ளையிடம் விடுங்கள். தனக்காகக் கேட்கத் தயங்குவதை அது ராசாவுக்காகக் கேட்டுவிடும்!