பேத்தை மீனின் பிணியும் பரிகாரமும்

வன்னிப் பெருநிலத்தின் வடபாகத்தில், கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து வந்து கடல்நீரேரியோடு கலக்கின்ற தாழ்நிலத்தை அடுத்துள்ள கண்டாவளையிலே, பேத்தை என்று சொன்ன மாத்திரத்தில் மனத்தில் எழுவது அச்சமேயன்றி அன்பன்று. வலையில் அகப்பட்டதும் வயிற்றைப் பந்தாக ஊதிக்கொண்டு பல்லை நெருமும் அந்தப் பிராணியை, இறாலையும் நண்டையும் தெரிந்தெடுத்துக் கூடையில் இடுகின்ற தொழிலாளி விலக்கி எறிந்துவிடுவார். அதன் ஈரலிலும் சினையிலும் தங்கியிருக்கும் விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாதது என்பது அவருடைய பரம்பரை அறிவு. அந்த விஷத்துக்கு யப்பானிய விஞ்ஞானியான தகாரா 1909ஆம் ஆண்டில் பெயர் சூட்டுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே, கரையோர மக்கள் அதன் குணத்தை அறிந்து ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

எனினும், இதே பேத்தையைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து கடல் அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரமும் 1930களிலேயே சிறிய அளவில் ஆரம்பித்துவிட்டது. ஒரு கண்ணை மேலும் மற்றக் கண்ணைக் கீழுமாகத் தனித்தனியே சுழற்றவும், உணவிடுபவரை அடையாளங்கண்டு கண்ணாடியருகே ஓடிவரவும் வல்ல இந்த மீன், நோயுறும்போது வளர்ப்பவருடைய மனத்தை உண்மையாகவே வருத்திவிடுகிறது. அந்த வருத்தத்தில் அவர் முதலில் தேடுவது மருந்துக் குப்பியை. தேட வேண்டியதோ நீரின் நிலையை. பேத்தையின் பிணிகளில் பெரும்பாலானவை நீரிலே பிறந்து, தோலிலே வெளிப்பட்டு, வாயிலே வளர்கின்றன என்பது என் துணிபு. ஆகவே நோயை நாடுவதும் அந்த வரிசையிலேயே நடைபெற வேண்டும்.

பேத்தை அதிகம் உண்டு அதிகம் கழிக்கின்ற மீன். கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்ற நுண்ணுயிர்கள் வடிகட்டியிலே வாழ்கின்றன. மின்சாரம் சில மணி நேரம் நின்று நீரோட்டம் தடைப்பட்டால், பிராணவாயுவின்றி அவை மடிந்துவிட, மறுநாள் காலையில் மீன் அடித்தரையில் சாய்ந்து, வால் ஒருபுறம் மடங்கி, வயிறு கருமை படர்ந்து, செவுள் படபடக்கக் கிடக்கிறது. இதனைக் கண்டவர் தொற்றுநோய் என்றே எண்ணுவார்; ஆனால் ஒரு சோதனைக் குழாயில் நீரை எடுத்துத் துளிமருந்து விட்டு நிறம் பார்ப்பாராயின், அமோனியா சிறிதேனும் இருக்கக்கூடாத இடத்தில் குழாய் பச்சையாக மாறுவதைக் காண்பார். கடல்நீரின் காரத்தன்மை கூடியதாகையால், நன்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் அமோனியாவே கடல்நீரில் கொடிய நஞ்சாகின்றது. அப்போதைக்குச் சிகிச்சை, பதப்படுத்தி வைத்திருக்கும் புதிய கடல்நீரைக் கொண்டு பாதியளவு நீரையேனும் மாற்றுவதும், காற்றூட்டியை விரைவாக இயக்குவதும், உணவை ஓரிரு நாள் நிறுத்துவதுமேயன்றி வேறில்லை.

அந்தப் புதிய நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஆனையிறவு உப்பளத்தின் அருகே வாழ்பவர்களுக்கு, உப்பைக் கரைத்தால் கடல்நீராகிவிடும் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றக்கூடும். உப்பளத்தில் படியவைத்து அள்ளப்படுவது கறியுப்பு. மகனீசியம் முதலான ஏனைய உப்புக்கள் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. ஒரு லீற்றர் கடல்நீரில் உள்ள ஏறக்குறைய 35 கிராம் உப்பில் ஏழிலொரு பங்கு இந்த ஏனைய உப்புக்களே. அவை இல்லாத நீரில் கடல்மீன் நெடுநாள் வாழாது. ஆதலால் சுண்டிக்குளம் போன்ற திறந்த கரையிலிருந்து தெளிந்த நீரைக் கொண்டுவருவது, அல்லது மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்புக் கலவையை அளந்து கரைப்பது, இரண்டில் ஒன்றே வழி. கோடையில் தொட்டி நீர் வற்றும்போது நீர் மாத்திரமே ஆவியாகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது என்பதை உப்பளத்தைக் கண்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. வற்றிய அளவுக்கு ஊற்றுவது உப்பில்லாத தூய நீராகவே இருத்தல் வேண்டும். இப்பகுதிக் கிணறுகள் பல உவர்ப்பானவை என்பதால் சுத்திகரித்த நீரே உத்தமம்.

நீர் நன்றாயிருந்தும் மீன் உடலைக் கல்லில் உரசிக்கொள்ளுமானால், தோலை உற்று நோக்க வேண்டும். துடுப்பிலும் முதுகிலும் தூவிய உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுவது, கிறிப்ரோகறியன் என்னும் ஒட்டுண்ணியின் வேலை. இந்த நோயில் அறியாதவரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. புள்ளியாகத் தெரியும் பருவத்தில் அவ்வுயிர் மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை மாத்திரமே வசிக்கிறது. பின்னர் உதிர்ந்து, மணலிலே கூடு கட்டி, பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள், சிலவேளை அதற்கும் பிந்தி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெடித்து மீனைத் தேடி நீந்துகிறது. புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்திருந்தவர், அடுத்த கிழமைகளில் முன்னையிலும் பன்மடங்காகப் புள்ளிகளைக் காண்பதற்கு இதுவே காரணம். ஆகையால் மீனை வேறொரு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்வதோடு, பழைய தொட்டியை மீன் எதுவுமின்றி ஆறு கிழமைக்குக் குறையாமல் வெறுமையாக விட வேண்டும். மிகுந்த கவனமுடையோர் 76 நாள் விடுகிறார்கள்.

செப்பு மருந்தே இந்நோய்க்குப் பழைய ஔஷதம். ஆனால் ஏனைய மீன்களைப் போலச் செதிற் கவசம் பேத்தைக்கு இல்லை. செப்பு அதற்குக் கடுமையாக இருப்பதனால், அளவு சற்றே மிஞ்சினாலும் மீன் உணவை மறுத்து மெலிந்துபோகிறது. இதனினும் மென்மையானதென்று நான் கருதும் வழி, உவர்ப்பைக் குறைப்பதாகும். மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது பரவைக்கடல் தன் உவர்ப்பை இழப்பதையும், கோடையில் அதன் ஓரங்களிலே உப்புப் பூப்பதையும் ஆண்டுதோறும் காண்பவர்கள் நாங்கள். 2018ஆம் ஆண்டு மார்கழிப் பெருவெள்ளத்தையும் மறந்தவர்களல்லோம். கடல்மீனின் சரீரத்திலுள்ள திரவத்தின் உவர்ப்பு, கடல்நீரின் உவர்ப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். தனிமைத் தொட்டியின் உவர்ப்பை இரண்டு மூன்று நாளில் லீற்றருக்கு 35 கிராமிலிருந்து 15 கிராமுக்கு மெல்லமெல்ல இறக்கினால், மீன் அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஒட்டுண்ணியின் கூடோ நீரை உறிஞ்சிச் சிதைந்துபோகிறது. கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து நான்கு கிழமை இவ்வாறே வைத்திருந்து, பின்னர் ஒரு கிழமையேனும் எடுத்து உவர்ப்பை மீண்டும் ஏற்ற வேண்டும். 15 என்பது 20 ஆகிவிட்டால் சிகிச்சை வீணாகும். எனவே நல்ல உவர்ப்புமானி இல்லாதவர் இதில் இறங்கலாகாது.

தங்கத்தூள் படிந்ததுபோல மேனி மங்கி, புள்ளி தெரியுமுன்னரே மூச்சு வாங்குமாயின், அது வெல்வெற் நோய் எனப்படும் வேறொன்று, நாட்கணக்கிலே கொல்லும், உவர்ப்பைக் குறைப்பதும் அதற்குப் பயன்படாது. அங்கே கைகொடுப்பது குளோரோகுயின். வன்னியில் மலேரியாக் காய்ச்சலுக்கு அந்தக் கசப்பு மாத்திரையை விழுங்கி வளர்ந்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடாக இலங்கை பிரகடனப்படுத்தப்படும் வரை வீட்டுக்கு வீடு அறிந்த மருந்து அது. ஆயினும் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் இடுவது தகாது. தூய மருந்தை மிருக வைத்தியர் அளந்து கொடுக்கவே பிரயோகிக்க வேண்டும்.

இனி வாய். பேத்தையின் நான்கு பற்களும் தட்டுக்களாக இணைந்து ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நண்டையும் மட்டியையும் ஓட்டோடு உடைத்துத் தின்னும் கடல் வாழ்க்கையில் அவை தாமாகவே தேய்கின்றன. தொட்டியில் தோலுரித்த இறாலை மாத்திரம் இடுபவரிடத்தில் பற்கள் நீண்டு, ஒன்றன்மேலொன்று மோதி, மீன் உணவருகே வந்து வாயைத் திறக்க முயன்று திரும்பிப் போகின்றது. பசியிருந்தும் உண்ணாத இந்நிலையே அதன் லட்சணம். முற்றிய நிலையில் பல்லை வெட்டுவது தவிர வேறு உபாயமில்லை. தொட்டி நீரையே சிறு பாத்திரத்தில் எடுத்து, வெந்நீரில் குலுக்கிப் பாலாக்கிய கராம்பு எண்ணெயைத் துளித்துளியாகக் கலக்க, மீன் தள்ளாடிப் பின் அசைவற்றுச் சாய்கிறது. மார்புத் துடுப்புக்கு முன்னால் சிறு கீறலாகத் தெரியும் செவுள்வாய் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பதை ஒருவர் கண்ணிமையாமல் கவனிக்க வேண்டும். செவுள் நீருக்குள்ளேயே இருக்க, ஈரத்துணியால் தாங்கி, வாயை மாத்திரம் வெளியே உயர்த்தி, பல்லின் வெண்ணிற நுனியைச் சிறிய வெட்டியால் சிறிது சிறிதாகக் கத்தரிப்பார்கள். உடனே காற்றூட்டிய தூய நீருக்கு மாற்றி, வாயினூடாக நீரோட்டம் செல்லும்படி பிடிக்க, சுவாசம் மீள்கின்றது. பழகாத கை இதனைத் தனியே செய்யக்கூடாது.

எந்தச் சிகிச்சைக்காகவும் பேத்தையை வலையால் நீருக்கு வெளியே தூக்கலாகாது. அச்சத்தில் அது காற்றை விழுங்கி ஊதினால், அக்காற்றை வெளியேற்ற இயலாமல் தலைகீழாய் மிதந்து சாகக்கூடும். நீருக்குள்ளேயே பாத்திரத்தை அமிழ்த்தி மீனை அதனுள் நடத்திச் செல்ல வேண்டும்.

எமது பகுதிக் கால்நடை வைத்தியர்கள் பசுவையும் ஆட்டையும் கோழியையும் பார்ப்பதற்கே நேரமின்றி உழைப்பவர்கள்; மீனின் நோயை நுணுகி ஆராய, பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தையே நாட வேண்டியிருக்கிறது. மீன் இறந்துவிட்டால், காரணமறிய விரும்புபவர் அதனை உறையவைக்காமல், பையிலிட்டு ஐசில் வைத்து, தொட்டி நீரில் ஒரு போத்தலோடு அன்றே அனுப்ப வேண்டும். உறைந்த உடலில் இழையங்கள் சிதைந்துவிடுகின்றன. அனுப்பாதவர் அதை வேலியோரம் வீசிவிடலாகாது. 1774ஆம் ஆண்டில் நியூ கலிடோனியாத் தீவிலே கப்பற்றலைவர் குக் இத்தகைய மீனின் ஈரலைச் சிறிதே சுவைத்துத் தப்பினார். குடலைத் தின்ற கப்பற்பன்றியோ மறுநாள் செத்துக் கிடந்தது. வளர்ப்புணவு தின்ற பேத்தையில் விஷம் குறைந்திருக்கக்கூடுமாயினும், நாயும் கோழியும் கிளறாத ஆழத்தில் அதனைப் புதைப்பதே முறை.