பேச ஆளில்லாத மொழியைத் தேடி ஒரு பள்ளிப் பயணம்

ரப்பர் மரத்தின் அறிவியல் பெயர் ஹேவியா பிரேசிலியென்சிஸ். அதில் பிரேசிலியென்சிஸ் என்பது இலத்தீன் சொல். 'பிரேசிலைச் சேர்ந்தது' என்று பொருள். தலைமுறை தலைமுறையாக நம் தோட்டப்புற மக்கள் பால் வெட்டிய மரத்துக்கும் அறிவியல் ஏட்டில் இலத்தீனில்தான் பெயர்.

ரோமானியர்களின் மொழியான இலத்தீனிலிருந்துதான் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகியவை பிறந்தன. இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் இல்லை. ஆனாலும் பிரிட்டனில் பல இடைநிலைப்பள்ளிகளில் அது இன்னும் ஒரு பாடம். அங்கு இலத்தீன் படிக்கும் மாணவர்கள் ஆவலோடு காத்திருப்பது இத்தாலிக்குச் செல்லும் கல்விச் சுற்றுலாவுக்காக. குறிப்பாக, நேப்பல்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொம்பெய்க்குச் செல்வதற்காக.

பிரெஞ்சு படிப்பவர்கள் பாரிஸ் சென்றால் அங்குள்ளவர்களோடு பேசிப் பழகலாம். பேச ஆளே இல்லாத மொழியைப் படிப்பவர்கள் ஏன் வெளிநாடு போக வேண்டும்? அவர்கள் போவது பேச அல்ல, வாசிக்க.

சுவர்களே பாடநூல்

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து, பொம்பெய் நகரம் சாம்பலிலும் எரிமலைக் கற்களிலும் புதைந்தது. 1748-இல் அங்கு அகழாய்வு தொடங்கியது. நகரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. புதைந்து கிடந்ததாலேயே, மற்ற ஊர்களில் வெயிலிலும் மழையிலும் அழிந்துபோன சாதாரண மக்களின் எழுத்து இங்கே தப்பித்தது.

ஒரு வீட்டு வாசலின் தரையில், சங்கிலியால் கட்டிய நாயின் உருவம் சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. கீழே 'கவே கனெம்' என்று இரண்டு சொற்கள். 'நாய் இருக்கிறது, ஜாக்கிரதை' என்று பொருள். நம் ஊர் வீட்டுக் கேட்டில் தொங்கும் 'ஆவாஸ் அஞ்ஜிங்' பலகையின் வேலையைத்தான் அதுவும் செய்தது.

தெருச் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் இருக்கின்றன. இன்னாரைப் பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று பழ வியாபாரிகளும் ரொட்டி சுடுபவர்களும் கேட்டுக்கொண்டவை அவை.

பிரிட்டனில் பல பள்ளிகள் பயன்படுத்தும் 'கேம்பிரிட்ஜ் இலத்தீன் கோர்ஸ்' 1970 முதல் வெளிவருகிறது. அதன் முதல் புத்தகம் பொம்பெயில் வாழ்ந்த கைக்கிலியுஸ் என்பவரின் குடும்பத்தைச் சுற்றியது. அவர் கற்பனை மனிதர் அல்லர். 1875-இல் அவர் வீட்டில் 150-க்கும் மேற்பட்ட மரப்பலகைகள் கிடைத்தன. ஏலத்தில் விற்ற பொருளுக்குப் பணம் பட்டுவாடா செய்த ரசீதுகள் அவை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் சந்தித்த மனிதரின் வீட்டு வாசலில் நிற்கும்போது, வாய்பாடுபோல மனனம் செய்த இலக்கணத்துக்கு உயிர் வருகிறது.

2018-இல் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரியால் கிறுக்கிய ஒரு தேதி வெளிப்பட்டது. நம் கணக்கில் அது அக்டோபர் 17. எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் நெடுங்காலமாக நம்பப்பட்டது. ஆண்டு எழுதப்படாததால் விவாதம் முடியவில்லை. ஆனாலும் பெயர் தெரியாத ஒருவரின் கிறுக்கல் வரலாற்றுப் பாடத்தையே மறுபடி யோசிக்க வைத்திருக்கிறது.

தாய்மாமனும் மதுரையும்

எரிமலை வெடித்ததை நேரில் கண்டு எழுதியவர் இளைய பிளினி. அப்போது அவருக்கு வயது 17. வளைகுடாவின் மறுகோடியில் தாயோடும் தாய்மாமனோடும் தங்கியிருந்தார். கடற்படைத் தளபதியான மாமன் கப்பலில் புறப்பட்டபோது மருமகனையும் அழைத்தார். பையனோ, மாமன் கொடுத்த பாடத்தை எழுத வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கரையில் சிக்கிய மக்களைக் காப்பாற்றச் சென்ற மாமன் திரும்பவில்லை.

தமிழைப் போலவே இலத்தீனிலும் தாய்மாமனுக்குத் தனிச் சொல் உண்டு: அவுன்குலுஸ். ஆங்கிலத்தின் 'அங்கிள்' அதிலிருந்து வந்ததுதான்.

அந்த மாமனான மூத்த பிளினி எழுதிய பெரிய நூலில், மேற்குக் கரையின் முசிறித் துறைமுகமும், பாண்டிய மன்னனும், 'மொதுரா' என்ற பெயரில் மதுரையும் இடம்பெற்றுள்ளன. மிளகுக்கு ரோமானியர் இத்தனை பணம் கொடுப்பதைக் கண்டு அவர் வியந்து குறைபட்டும் இருக்கிறார். பாண்டிய நாட்டைப் பற்றி வெளிநாட்டார் எழுதிவைத்த பழைய சான்றுகளில் ஒன்று அது.

யாருக்குக் கிடைக்கிறது இந்த வாய்ப்பு?

இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது மாணவர்களுக்கு இலத்தீன் கற்பித்தவை அரசாங்கப் பள்ளிகளில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. தனியார் பள்ளிகளில் 49 விழுக்காடு. 2021-இல் அந்நாட்டு அரசாங்கமே சொன்ன கணக்கு இது. இடைவெளியைக் குறைக்க 40 அரசாங்கப் பள்ளிகளுக்காக 40 லட்சம் பவுண்டில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ரோமானியச் சின்னங்கள் உள்ள இடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதும் அதில் அடங்கும். ஆட்சி மாறியபின், 2025 பிப்ரவரியோடு, கல்வியாண்டின் நடுவிலேயே அந்த நிதி நிறுத்தப்பட்டது. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்கள் திண்டாடும் நிலை வந்தது.

விமான டிக்கெட், தங்குமிடம், உணவு என்று வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. முடிந்தவர் பிள்ளை போகிறது. முடியாதவர் பிள்ளை வகுப்பில் படத்தைப் பார்த்துக்கொள்கிறது.

பொம்பெயின் சுவர்களில் எழுதியவர்களில் பழம் விற்றவரும் இருந்தார், ரொட்டி சுட்டவரும் இருந்தார். இன்று அதே தொழில்களைச் செய்பவர்களின் பிள்ளைகளும் அந்தச் சுவர்களின் முன் நின்று, எழுத்துக்கூட்டி வாசிக்க வழி வேண்டும். மொழிக் கல்விக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்று வெட்டுவதற்குமுன், எந்தப் பிள்ளையின் பயணம் நின்றுபோகிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.