காயம் ஆறிவிட்டது, ஞாபகம் திரும்பவில்லையே!



பனையிலிருந்து விழுந்த ஒரு சகோதரரைப் பற்றி எழுதுகிறோம். தலையில் போட்ட தையல் பிரித்தாயிற்று. நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். ஊரார் "சுகமாகிவிட்டான்" என்றார்கள். ஆனால் சாப்பிட்டதை மறந்து, "சோறே போடவில்லை" என்று மனைவியிடம் சண்டையிட்டார். கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடுவார். வேஷம் போடுகிறார் என்று வீட்டார் கடிந்துகொண்டார்கள். நாசரேத் வட்டாரத்தில் பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டாலும், மோட்டார் சைக்கிள் விபத்துகளினால் இப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

மண்டையோட்டின் அடித்தளம் உட்புறம் கரடுமுரடானது. தலை மோதும்போது மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் அதில் உரசி நசுங்குகின்றன. வேலையைத் திட்டமிட்டுத் தொடங்க முன்பகுதி வேண்டும். புதிய நினைவுகள் பதியப் பக்கப்பகுதியின் உட்புறம் வேண்டும். மெல்லிய நரம்பிழைகள் அறுந்தாலோ, ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆகவேதான் தன் கல்யாணக் கதையை விவரமாய்ச் சொல்லுகிறவர், காலையில் வந்த விருந்தாளியை மறந்துவிடுகிறார்.

இழந்த ஞாபகத்தைத் திருப்பித் தரும் மாத்திரையோ டானிக்கோ இல்லை (விற்கிறவர்கள் உண்டு!). சிகிச்சை என்பது பெரும்பாலும் பழக்கிக் கொடுப்பதுதான். இதில் வீட்டார் அன்பினாலே செய்யும் தவறு ஒன்று உண்டு: "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பது. அவர் ஊகித்துத் தவறான பெயரைச் சொன்னால் அந்தத் தவறே பதிந்துவிடும். திருத்தியது அவர் நினைவில் இராதே! இங்கிலாந்தில் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994ல் இதை ஆராய்ந்து காட்டினார்கள். ஆகவே கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடும்படி வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பலமுறை சரியாகச் சொன்ன பிறகே உதவியைக் கொஞ்சங்கொஞ்சமாய்க் குறைக்க வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949லேயே மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மறுவாழ்வு நிலையம் 1966ல்தான் வந்தது. அதற்குக் காரணமாயிருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே பணிசெய்தவர். உயிரைக் காப்பாற்றுவது முதலாவது. அதற்குப் பின்னும் வேலை இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்துக்குச் செலவு அற்பமே. அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வரும்வரை மாதக்கணக்கில் வீடு தேடிச் செல்லும் ஊழியரின் நேரத்துக்குத்தான் செலவு. உங்கள் காணிக்கை அதற்கே உதவுகிறது. முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாயிருக்கும், தாமதித்தால் அந்த நாட்கள் வீணாகும்.

அந்தச் சகோதரர் இப்போது காலையில் கோவில் மணி அடித்ததும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுக்கிறார். "ஆடுகளுக்குத் தண்ணீர்" என்று வாசித்து, செய்து முடித்து, கோடு போடுகிறார். சாப்பிட்டதும் ஒரு கோடு. வீட்டில் அந்தச் சண்டை நின்றுவிட்டது. பணம் மட்டும் இன்னும் மனைவியின் கையில்தான்.