வெட்டிய மட்டைக்கும் வேலை உண்டு

ஜெஞ்சாரோம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குப்பை என்று எண்ணிவிடாதீர்கள், மாணவர்களே. மண்ணைக் காக்கும் மிக மலிவான தடுப்பு அது.

பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெறும் மண்ணில் மோதினால் மண்கட்டி உடைந்து நுண்துகள்கள் சிதறும். அவை மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்வதால் நீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடும். அந்த ஓட்டம் மேல்மண்ணையும், அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸையும், நீரில் கரைந்த நைட்ரேட்டையும் அள்ளிச் செல்கிறது. காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது!

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் களையெடுப்பதுதான் வழக்கம். நம் முன்னோர் பலர் வெயிலில் குனிந்து செய்த வேலை அது. பார்வைக்குச் சுத்தம், ஆனால் சரிவுகளில் மேல்மண் மழையோடு போயிற்று. அதன் பிறகே புவேரேரியா, கலோபோகோனியம் போன்ற மூடுபயிர்கள் பரவலாயின. இவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் மண்ணுக்கு இரட்டை லாபம்.

மேட்டு நிலத்தில் இது மட்டும் போதாது. சமஉயரக் கோட்டின் வழியே படிமேடை வெட்டி, அதை மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து விடுவார்கள். நீர் ஓடும் தூரம் குறைந்தால் வேகமும் குறையும். இடையிடையே வெட்டும் வண்டல் குழிகளில் மண் படிந்துவிடும். அதை அள்ளி மரத்தடியிலேயே போடலாம். ஜெஞ்சாரோம் போன்ற சமதளக் கடலோர நிலத்தில் கவனிக்க வேண்டியது வாய்க்கால் கரைதான். களைக்கொல்லி அடித்துக் கரைப் புல்லைக் கருக்கினால் கரை சரிந்து வாய்க்கால் தூர்ந்துவிடும்.

மண்ணைத் தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேமரன் மலையில் காணலாம். 1963-இல் இயங்கத் தொடங்கிய சுல்தான் அபுபக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டிய சரிவுகளிலிருந்தும் வந்த வண்டல் குவிந்து, நீருக்கான இடம் பெரிதும் குறைந்துபோனது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதில் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களை நீளவாக்கில் வெட்டி, ஒரே அளவு மண் நிரப்பி, வாய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வையுங்கள். ஒன்றின் மேல் மட்டும் காய்ந்த புல்லைப் பரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீரைத் தெளித்து, வழிவதைக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். அரை மணி நேரம் கழித்து, அடியில் படிந்த வண்டலின் உயரத்தை அடிக்கோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.