கல் இறுகிய லைட்டர்

கை பழகிய பொருள்கள் – 17

போன வாரம் வால்வு ரேடியோவோடு நிறுத்தினேன். இந்த வாரம் உள்ளங்கையில் அடங்கும் பொருள் ஒன்று.

தோட்டத்துச் சாளையில், மோட்டார் ரூம் பலகை மேல், பீஸ் கம்பிச் சுருளோடு ஒரு தகர டப்பாவில் கிடந்தது அப்பாருவின் பெட்ரோல் லைட்டர். ஆஸ்திரியாவின் இம்கோ ட்ரிப்ளெக்ஸ். 1937-ல் வந்த வடிவம். கோவையில் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் மின்மோட்டார் செய்துகாட்டிய அதே வருடம். மூடியைக் கட்டைவிரலால் தட்டினால் சக்கரமும் சேர்ந்து சுழலும். பெட்ரோல் தொட்டியை மட்டும் உருவி, மெழுகுவத்தி மாதிரி நிறுத்தி வைக்கலாம். கரண்ட் போன ராத்திரிகளில் அப்பாரு அந்த வெளிச்சத்தில்தான் பீஸ் கட்டுவார். சுருட்டை விட்ட பிறகும் லைட்டரை அவர் விடவில்லை.

இப்போது சக்கரம் அசைய மறுத்தது. டவுன்ஹால் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். “சக்கரம் நல்லாத்தானுங்க இருக்குது. கல்லுதான் ஊதிப்போய்க் குழாய்ல இறுகிக்கிச்சு.”

கல் என்கிறோமே தவிர அது உலோகம். சக்கிமுக்கியில் கல் கடினம். அது எஃகைச் சீவ, சீவல்தான் பொறியாகும். லைட்டரில் எல்லாம் தலைகீழ். எஃகுச் சக்கரம் கல்லைச் சீவுகிறது, எரிவது கல்லின் துகள். 1903-ல் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்ற கலவை இது: சுமார் 70 பங்கு சீரியம் மிகுந்த உலோகம், 30 பங்கு இரும்பு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிறோமே மேண்டில், அதைக் கண்டுபிடித்தவரும் அவரே. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். மோனசைட் மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்தால் சீரியம் குவியலாக மிஞ்சும். அந்தக் கழிவுக்கு அவர் தேடிய வேலைதான் லைட்டர் கல். அதே மோனசைட்டைத்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அடையாளம் கண்டார். அதைப் படித்த நாளிலிருந்து இந்தக் குட்டிக் கல்லை வெளிநாட்டுச் சரக்காக என்னால் நினைக்க முடியவில்லை.

சீரியம் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லப் பொடிந்து உப்பும். உப்பினால் குழாயை அடைத்துக்கொள்ளும். குழாய்க்கு அடியிலிருந்த சுருள்கம்பியை விலக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். மறுநாள் பெரியவர் பின் வைஸில் மெல்லிய டிரில் பிட்டை மாட்டிக் கொடுத்தார். “கையாலயே திருகுங்க தம்பி. மிசின்ல போட்டீங்கன்னா குழாய் போயிரும்.” திருகத் திருகச் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. இடையில் ஒரு பொறி. தொட்டியை முன்பே கழற்றி அடுத்த அறையில் வைத்திருந்தது நல்லதாயிற்று. இந்த வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் பெட்ரோல் வைக்கவே கூடாது. முக்கால் மணி நேரத்தில் குழாய் திறந்துகொண்டது. சக்கரத்தின் பல்லிடுக்குகளைப் பித்தளை பிரஷால் தேய்த்தேன்.

தொட்டிக்குள் பஞ்சு கருத்துக் கட்டியாகியிருந்தது. புதுப் பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்து, திரியைச் சுற்றி அடைத்தேன். இறுக்கி அடைத்தால் பெட்ரோல் ஏறாது. புதுக் கல்லுக்கு அலையவில்லை. காஸ் தீர்ந்த பிளாஸ்டிக் லைட்டரில் மிஞ்சியிருந்ததே பொருந்திவிட்டது. (சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலைக் காக்க, 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதியை 2023-ல் தடை செய்தார்கள். அந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். வீட்டில் கிடக்கும் பழசை எறியாமல் கல்லை எடுத்துக்கொள்ளலாம்.)

பெட்ரோல் விட்டு, வழிந்ததைத் துடைத்து, கை காயும்வரை காத்திருந்தேன். மூன்றாவது தட்டில் பற்றியது. அன்று இருட்டியதும் தொட்டியை உருவி, மோட்டார் ரூமில் பீஸ் கட்டைக்கு எதிரே நிறுத்தினேன். ஸ்டார்ட்டர் டப்பாவின் மேல் அப்பாரு சாக்பீஸால் எழுதிய தண்ணி முறைக் கணக்கு பாதி அழிந்தும் இன்னும் இருந்தது. அதைப் படித்து முடிக்கும்வரை சுடர் நின்றது.

பெட்ரோல் ஒரு வாரத்தில் தானே ஆவியாகிவிடும். அதனால் கெடுதல் இல்லை. கல்லை மட்டும் கழற்றிக் காகிதத்தில் மடித்து, டப்பாவில் தனியே வைத்திருக்கிறேன்.