மானியம் கொடுத்தால் மட்டும் போதுமா?

ஒரு சங்கத்திற்கு அரசாங்க மானியம் கிடைத்தால் பத்திரிகையில் படம் வருகிறது. பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்தபடி தலைவர்கள் சிரிக்கிறார்கள். ஓராண்டு கழித்து, அந்தப் பணத்தால் எத்தனை குடும்பங்களின் நிலை மாறியது என்று கேட்டால் பல வேளைகளில் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

மலேசிய இந்தியர்களுக்கு இது வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல. இந்தியர்களின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்காக 2014ஆம் ஆண்டு பிரதமர் துறையின் கீழ் செடிக் பிரிவு அமைக்கப்பட்டது. 2018இல் அது மித்ரா எனப் பெயர் மாறியது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி அளவிலான நிதி அதற்கு ஒதுக்கப்பட்டு வந்தது. மானியங்கள் தொடர்பில் 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. அன்று முதல் சமுதாயத்தில் ஓயாமல் ஒலிக்கும் கேள்வி, "பணம் எங்கே போனது?" என்பதுதான்.

அது கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு காசுகூடக் களவு போகாமலே ஒரு திட்டம் முழுவதும் வீணாகலாம்.

ரசீது வேறு, பலன் வேறு

ஓர் இயக்கம் 30,000 வெள்ளி மானியத்தில் 30 பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவு இருக்கிறது, ரசீதுகள் இருக்கின்றன, நிறைவு விழாவில் சான்றிதழும் வழங்கப்படுகிறது. கணக்குப்படி ஒருவருக்கு 1,000 வெள்ளி செலவு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கு பேர்தான் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். அப்படியானால், வருமானம் பெற்ற ஒருவருக்கு உண்மையில் ஆன செலவு 7,500 வெள்ளி.

மற்ற 26 பேர் ஏன் விட்டுவிட்டார்கள்? வீட்டில் தையல் இயந்திரம் இல்லையா? தைத்தாலும் வாங்க ஆள் இல்லையா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா? இதைக் கேட்டறிவதுதான் மதிப்பீடு. பதில் தெரிந்தால் அடுத்த ஆண்டு வகுப்பைக் குறைத்து, இயந்திரத்தைத் தவணையில் கொடுத்து, பள்ளிச் சீருடைத் தையலுக்கு ஏற்பாடு செய்யலாம். அதே பணம் கூடுதல் பலன் தரும்.

இதற்கு வகுப்பு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் வருமானத்தையும் குறித்து வைக்க வேண்டும். தொடக்க நிலை தெரியாவிட்டால் முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது?

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பாலர் பள்ளிக் கட்டண உதவியை, பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வந்ததா, முதலாம் ஆண்டில் தடுமாறாமல் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிக்கான இரத்தச் சுத்திகரிப்பு உதவியை, சிகிச்சை தடைப்படாமல் நடந்ததா என்று பார்த்தால் போதும்.

சிறிய சங்கங்களின் சிரமம்

முறைகேட்டைத் தடுக்க என்று பாரங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பாதிக்கப்படுவது சிறிய சங்கங்கள்தான். தோட்டப்புறத்திலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ மாலை வகுப்பு நடத்தும் தொண்டர்களுக்கு நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுதத் தெரியாமல் இருக்கலாம். அழகாக எழுதத் தெரிந்தவருக்கே மானியம் என்றாகிவிட்டால், அடித்தட்டில் வேலை செய்பவர் ஒதுங்கிவிடுவார்.

ஆகவே 5,000 வெள்ளி கேட்பவருக்கு எளிய பாரமும் தமிழில் விளக்கமும் தரலாம். 5 லட்சம் கேட்பவரிடம் கடுமையான சோதனையும் தவணை முறையில் பட்டுவாடாவும் இருக்கலாம். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு விண்ணப்பித்த சங்கத்தோடு தொடர்பு இருந்தால், அந்த முடிவில் அவர் விலகியிருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எதற்காக என்ற பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

கணக்காய்வுச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டபோது, அரசாங்கப் பணம் போகும் வழியைப் பின்தொடர்ந்து கணக்குப் பார்க்கும் அதிகாரம் விரிவாக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான். என்றாலும் தணிக்கை முடிந்துபோனதைப் பார்ப்பது. மதிப்பீடு அடுத்து என்ன செய்வது என்று சொல்வது. இரண்டும் தேவை.

உண்மை சொன்னால் தண்டனையா?

மிகப் பெரிய தடை அச்சம். 30 பேரில் நால்வர்தான் தேறினர் என்று ஒரு சங்கம் நேர்மையாக எழுதினால் அடுத்த மானியம் நின்றுவிடும் என்ற நிலை இருந்தால், எல்லாச் சங்கங்களும் "முழு வெற்றி" என்றே எழுதும். பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியவரையும், உண்மையாக முயன்று பலன் காணாதவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னவர் சட்டத்திற்குப் பதில் சொல்லட்டும். பின்னவரிடம் "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டு, திருத்திய திட்டத்திற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

பொறுப்பு அரசாங்கத்தோடு முடிவதில்லை. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவைக் கேட்டுக் கை தூக்கும் உறுப்பினர்கள், அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: "சென்ற ஆண்டு உதவி பெற்றவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்?" அந்தக் கேள்விக்குப் பெயரும் விவரமுமாகப் பதில் சொல்லக்கூடிய சங்கமே அடுத்த மானியத்திற்குத் தகுதியான சங்கம்.