விற்பனை கூடவில்லை, கையில் பணம் மட்டும் கூடியது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. 100 ரூபாய் பில்லுக்குப் பணம் வர மூன்று மாதமாகும். அந்த பில்லை ஒரு ஃபேக்டரிங் நிறுவனத்திடம் 98 ரூபாய்க்கு விற்றால், நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் பணம் வந்துவிடும். வாடிக்கையாளர் ஏமாற்றினாலும் நஷ்டம் பில்லை வாங்கிய நிறுவனத்துக்கே என்றால், அது உண்மையான விற்பனை. வந்த தொகை வியாபாரத்தில் ஈட்டிய பணமாகப் பதிவாகும். ஏமாற்றினால் தொழிற்சாலையே திருப்பித் தரவேண்டும் என்றால், பெயர் என்னவானாலும் அது கடன். கணக்கிலும் கடன் வரவாகவே நிற்கவேண்டும்.

“பணம் வந்தது நிஜம்தானே, இதில் என்ன தவறு?” என்று கேட்பீர்கள். தவறில்லை, கூலி கொடுக்கத் தவிக்கும் சிறுதொழிலுக்கு அந்த இரண்டு ரூபாய் நியாயமான விலைதான். ஆனால் இது அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே வாங்குவது போன்றது. இந்த மாதம் கை நிறையும், அடுத்த மாதம் காயும். காயாமலிருக்க மறுபடி முன்பணம் வேண்டும். அதேபோல, பில் விற்பனை முதல் ஆண்டில்தான் பணவரவை உயர்த்திக் காட்டும். மறு ஆண்டு அதே அளவு விற்றால் கூடுதல் பலன் இல்லை, நிறுத்தினால் பள்ளம் விழும். வளர்ச்சி போலத் தெரிய, ஆண்டுதோறும் அதிக பில்களை விற்கவேண்டும். அதனால் பணவரவு துள்ளினால், ஆண்டறிக்கையின் குறிப்புகளில் எவ்வளவு பில் விற்கப்பட்டது என்று தேடுங்கள். சலிப்பூட்டும் பக்கங்கள்தான்; விஷயம் அங்கேதான் இருக்கும்.